ஆர்டர் குறைகிறது: மெஷின் வாங்கவா, பட்டறையை மூடவா?

கேள்வி: கோவை கணபதியில் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு சிஎன்சி டர்னிங் மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் கடையும் மெஷின்), 14 ஆள். பைக் இன்ஜினுக்குப் போகும் வால்வு கைடு என்ற சின்னக் குழலும், அதுபோன்ற சில புஷ்களும்தான் வேலை. வருகிற பத்து ரூபாயில் எட்டு ரூபாய் ஒரே பார்ட்டியிடமிருந்து வருகிறது. ஒரு வருடத்தில் அவர்கள் கொடுக்கும் ஷெட்யூல், அதாவது ஆர்டர் அளவு, மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ரேட்டிலும் ஐந்து சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். "இனி எல்லாம் எலெக்ட்ரிக்தான், நீங்களும் மாறிக்கொள்ளுங்கள்" என்கிறார் அங்கே பர்ச்சேஸ் மேனேஜர். 40 லட்சம் கடன் வாங்கி ஒரு விஎம்சி (மேலிருந்து வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின்) போட்டால் எலெக்ட்ரிக் வண்டி மோட்டார் ஹவுசிங் (மோட்டாரின் வெளிக்கூடு) வேலை கிடைக்கும் என்கிறார் மெஷின் விற்பவர். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் விற்றுவிட்டு இடத்தை வாடகைக்கு விடுங்கள் என்கிறான். எனக்கு 57 வயது. என்ன செய்யட்டும், தம்பி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: அண்ணா, வணக்கம். மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். மூவரும் உங்களுக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. ஆனால் மேனேஜருக்கு ரேட் குறைய வேண்டும், விற்பவருக்கு மெஷின் போக வேண்டும், மகனுக்கு அப்பா ஓய்வெடுக்க வேண்டும். உங்கள் பட்டறையின் கணக்கை இவர்களில் யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. சிறுதொழில்களுக்கு அடக்கவிலைக் கணக்குப் பார்ப்பது என் வேலை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த மேனேஜர் சொன்னதைச் சரிபார்ப்போம். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற இருசக்கர வண்டிகளில் நூற்றுக்குச் சுமார் ஆறுதான் எலெக்ட்ரிக். கார்களில் மூன்றுக்கும் குறைவு. மூன்று சக்கர வண்டிகளில் மட்டும் இ-ரிக்‌ஷாவையும் சேர்த்துப் பாதியைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டில் உள்நாட்டில் விற்ற இருசக்கர வண்டிகள் சுமார் 1.96 கோடி, அதில் மிகப் பெரும் பங்கு பெட்ரோல் வண்டிகளே. போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டிக்கு 5 சதவீதம்தான் என்றாலும், இடைவெளி முன்பைவிடச் சுருங்கிவிட்டது.

அப்படியென்றால், நூற்றுக்கு ஆறு வண்டி எலெக்ட்ரிக் ஆனதற்கு உங்கள் ஷெட்யூல் ஏன் மூன்றில் ஒரு பங்கு விழ வேண்டும்? கணக்கு உதைக்கிறதே! வேறு காரணம் இருக்கும். உங்கள் கைடு போகும் குறிப்பிட்ட மாடல் சரியாக விற்காமல் இருக்கலாம். அதே பார்ட்டை இன்னொரு பட்டறைக்குப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். உலோகப் பொடியை அழுத்திச் சுடும் பவுடர் மெட்டலர்ஜி முறையில் செய்த கைடுக்கு மாறியிருக்கலாம், அல்லது அவர்களே சொந்தமாகச் செய்ய ஆரம்பித்திருக்கலாம். இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் எலெக்ட்ரிக் மேல் பழி போட்டுவிடுவது பர்ச்சேஸ் ஆபீசுக்கு வசதி, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. எந்தப் பார்ட் நம்பர் எந்த மாடலுக்குப் போகிறது என்பது உங்கள் டிராயிங்கிலோ, அங்கே குவாலிட்டியில் இருக்கும் பழகிய ஆளிடமோ இருக்கும். பெரிய வண்டிக் கம்பெனிகள் மாதாமாதம் விற்பனைக் கணக்கை வெளியிடுகின்றன. மத்திய அரசின் வாகன் இணையப் பலகையில் எந்தக் கம்பெனி வண்டி எத்தனை பதிவானது, அதில் பெட்ரோல் எத்தனை, எலெக்ட்ரிக் எத்தனை என்று மாதவாரியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டையும் உங்கள் ஷெட்யூலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் பெட்ரோல் வண்டி விற்பனை குறையாமல் உங்கள் ஷெட்யூல் மட்டும் குறைந்திருந்தால், நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பது பேட்டரியிடம் அல்ல, பக்கத்துத் தெருப் பட்டறையிடம்.

இதைச் சொல்வது உங்களைத் தூங்க வைக்க இல்லை. ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளி பக்கம் ஓலாவும் தயாரிக்கும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் வால்வும் கிடையாது, வால்வு கைடும் கிடையாது. பிஸ்டன், ரிங், கேம் ஷாஃப்ட், கிளட்ச், சைலன்ஸர் எதற்கும் வேலையில்லை. பிரேக், ஷாக் அப்சார்பர், ஆக்சில், பேரிங், ஸ்டீயரிங் எல்லாம் தொடரும். உங்கள் பொருள் முதல் வரிசையில் இருக்கிறது. அதன் தேவை ஒரு நாள் சுருங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என்ன நாள் என்பதில்தான் சிக்கல். 2020 ஏப்ரல் 1-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று பிஎஸ்-6 விதி வந்தது, பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் உட்கார்ந்தது. கார்புரேட்டருக்குப் பித்தளை ஜெட் கடைந்து கொடுத்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனாலும் பிஎஸ்-5 இல்லாமல் நேராக 6-க்குத் தாவப் போகிறோம் என்று அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. நாலு வருடம் அவகாசம், காலண்டரில் தேதி. எலெக்ட்ரிக்குக்கு அப்படி யாரும் தேதி வைக்கவில்லை. மானியம் கூடினால் விற்பனை ஏறுகிறது, 2023 ஜூனில் குறைத்ததுபோல் குறைத்தால் இறங்குகிறது. தேதி இல்லாத மாற்றத்தில் இரண்டு வகை ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சீக்கிரமே பயந்து கடன் வாங்கியவர் ஒருவர். கடைசி லோடு போகும்வரை உட்கார்ந்திருந்தவர் இன்னொருவர்.

அதனால் தேதியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிண்டில் (மெஷினில் சுழலும் தண்டு) ஓடும் மணிநேரத்தை வைத்து அதை முடிவு செய்யச் சொல்வேன். நாலு மெஷினும் இன்று மாதம் எத்தனை மணி உண்மையில் வெட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லுங்கள். மெஷின் ஆனில் இருந்த நேரத்தைச் சேர்க்காதீர்கள். சிப்ஸ் விழுந்த நேரம் மட்டும். அந்த எண் எதற்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து போனால் சம்பளமும் தவணையும் கையிலிருந்து போட வேண்டி வரும் என்பதை இப்போதே கணக்குப் பார்த்துச் சுவரில் எழுதி வையுங்கள். மூடுவதா என்ற பேச்சு அந்தக் கோட்டைத் தொடும்போது வரட்டும்.

சரி, விஎம்சி. 40 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 86,000 ரூபாய். இரண்டு ஷிஃப்ட், 25 நாள் என்றால் தாளில் 400 மணி வரும். செட்டிங், பவர் கட், லீவு எல்லாம் போக 300 மணி கிடைத்தால் நல்லது. தவணைக்கு மட்டுமே மணிக்கு 287 ரூபாய் ஆகிவிட்டது. ஆள், கரண்ட், டூல், கூலன்ட், இடம் இனிமேல்தான். வேலை ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் கிடைத்தால் அந்த 287 இரட்டிப்பாகி 573 ஆகும். உங்கள் ஏரியாவில் விஎம்சி மணி ரேட் என்ன போகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. மோட்டார் ஹவுசிங் என்பது அலுமினிய டை காஸ்டிங். காஸ்டிங் போடுபவர்கள் பெரும்பாலும் மெஷினிங்கையும் தங்கள் இடத்திலேயே முடித்துக் கொடுக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நெருக்கடி வரும்போது மிச்சம்தான் வெளியே வரும். மோட்டார் வடிவமும் இன்னும் நிலைபெறவில்லை. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், அந்தக் காந்தம் இல்லாத மோட்டாருக்கு வழி உண்டா என்று பலர் தேட ஆரம்பித்தார்கள். இன்றைய ஹவுசிங்கைப் பிடித்து நிறுத்த நீங்கள் செய்யும் ஃபிக்சர் இரண்டு வருடத்தில் பழைய இரும்புக்குப் போகலாம். "வேலை கிடைக்கும்" என்று விற்பவர் சொன்னாராம். யாருடைய வேலை, மாதம் எத்தனை பீஸ், எத்தனை மாதத்துக்கு, ஃபிக்சர் செலவு யாருடையது? இது எழுத்தில் வராதவரை கொட்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடமானம் இல்லாமல், சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ அமைப்பின் கேரண்டியில் கடன் கிடைக்கும் என்றும் அவர் சொல்லியிருப்பார். கிடைக்கும்தான். ஆனால் அந்தக் கேரண்டி பேங்குக்கு, உங்களுக்கு அல்ல. தவணை நின்றால் பேங்க் தன் பங்கை அங்கே வாங்கிக்கொள்ளும், உங்கள் கடன் அப்படியே இருக்கும், சிபில் கெடும். பலர் இதைக் கடன் தள்ளுபடி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது நான் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 22 வருடமாக நீங்கள் விற்றது என்ன? வால்வு கைடு என்று சொல்வீர்கள். வால்வின் தண்டு அதற்குள் மேலும் கீழும் ஓடுகிறது. இடைவெளி கொஞ்சம் கூடினால் ஆயில் இறங்கிப் புகை கக்கும், குறைந்தால் வால்வு பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட சின்ன விட்டமுள்ள, நீளமான துளையை மைக்ரான் கணக்கில், ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல ஒன்று செய்து, காற்றழுத்தத்தால் அளக்கும் ஏர் கேஜில் வைத்துப் பார்த்து அனுப்புகிறீர்கள். உள் விட்டத்துக்கும் வெளி விட்டத்துக்கும் மையம் ஒன்றாக நிற்க வேண்டும். துளைக்குள் ரீமர் கோடு விழக் கூடாது. இதைச் செய்யத் தெரிந்த பட்டறை எல்லாத் தெருவிலும் இல்லை.

இதே வேலை வேறு எங்கெல்லாம் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஹைட்ராலிக் வால்வில் ஸ்லீவ். பம்பில் வேர் ரிங், ஷாஃப்ட் ஸ்லீவ், பேரிங் புஷ். தொழிற்சாலைக் குழாய்களுக்கான வால்வில் கைடு புஷ். ஸ்பின்னிங் மெஷினில் எத்தனையோ புஷ். கம்ப்ரஸரில் இன்னும் சில. நீங்கள் இருப்பது கோயம்புத்தூரில், அண்ணா! 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லும், கிணற்றுக்கு மோட்டார் பம்பும், பின்னால் கிரைண்டரும் என்று வளர்ந்த ஊர். மேலே சொன்னவற்றை வாங்கும் கம்பெனிகளில் பல உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும். அவர்களுக்கு எண்ணிக்கை குறைவு. ஒரு லாட்டுக்கு 200, 500 என்று வரும். பித்தளை, வெண்கலம், எஸ்எஸ் என்று மெட்டீரியல் மாறும். ஒரு நாளில் மூன்று செட்டிங் மாற்ற வேண்டியிருக்கும், உங்கள் ஆட்கள் முதலில் முணுமுணுப்பார்கள். ஆனால் அங்கே பீஸ் ரேட்டில் மூச்சு விட இடம் உண்டு, பிப்ரவரியில் ஒருவர் ஷெட்யூலைக் குறைத்தால் இன்னொருவர் தாங்குவார். இதற்கு விஎம்சி வேண்டாம். இருக்கிற நாலு மெஷின் போதும். சிஎம்எம் என்ற துல்லிய அளவு மெஷினில் அளந்து ரிப்போர்ட் கேட்பார்கள். அதையும் வாங்க வேண்டாம், வெளியே காசு கொடுத்து அளந்து வாங்கிக்கொள்ளலாம்.

எலெக்ட்ரிக் வண்டியிலேயே உங்களுக்கு இடம் வேண்டுமென்றால் மோட்டார் ஷாஃப்ட், ஸ்பேசர், கியர் பாக்ஸுக்குள் போகும் புஷ் போன்ற டர்னிங் வேலையைக் கேளுங்கள். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் கியரின் சின்னக் கீச்சலும் ஓட்டுபவர் காதில் விழும் என்பதால் ஃபினிஷிங்கில் கெடுபிடி அதிகம். அது உங்களுக்குச் சாதகம். ராணுவ வேலை பற்றியும் யாராவது சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனையம்தான், கொடிசியாவில் அதற்கென ஒரு மையமும் இருக்கிறது. போய்க் கேட்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால் பேப்பர் வேலை அதிகம், ஆர்டர் மெதுவாக வரும். அடுத்த வருடத்துச் சம்பளத்தை அதை நம்பி வைக்காதீர்கள்.

பழைய பொருளையும் கைவிட வேண்டாம். இன்று விற்கும் பெட்ரோல் பைக் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், இன்ஜின் ஹெட் வேலைக்கு வரும், கைடு கேட்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். அது வேறு உலகம்: டப்பா, லேபிள், கடன் தவணை, போலிச் சரக்குப் போட்டி. ஒரு விஷயம் மட்டும் கவனம். உங்கள் பார்ட்டியின் டிராயிங்கிலும் அவர்கள் கொடுத்த டூலிங்கிலும் செய்ததை வெளியே விற்றால் வழக்கு வரும். சொந்த டிராயிங், சொந்தப் பெயர் என்று இறங்குவதானால் மட்டும் யோசியுங்கள்.

அப்புறம் அந்த ஐந்து சதவீதம். ஒரு பேச்சுக்கு, ஒரு கைடுக்கு சைக்கிள் டைம் 48 செகண்ட், ரேட் 5 ரூபாய், மெஷின் மணிச் செலவு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75 பீஸ் என்று கொட்டேஷனில் எழுதியிருப்பீர்கள், அடக்கம் 4 ரூபாய் என்று நிம்மதியாக இருப்பீர்கள். இன்சர்ட் மாற்றி, பார் ஏற்றி, கேஜ் பார்த்து, ரிஜெக்‌ஷனையும் கழித்தால் மணிக்கு 62, 63 பீஸ்தான் வண்டியில் ஏறும். அப்போது அடக்கம் 4.80. லாபம் 20 பைசா. அவர்கள் குறைக்கச் சொல்வது 25 பைசா. உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். இப்படி வந்தால், அந்த ஷெட்யூல் குறைவதைப் பற்றி நீங்கள் அழ வேண்டியதே இல்லை. சுருங்கும் தொழிலில் எண்ணிக்கை விழுவதற்கு முன்னாலேயே ரேட் விழும், ஏனென்றால் அதே வேலைக்குப் பத்துப் பட்டறை அடித்துக்கொள்ளும். நஷ்டத்தில் கொடுத்து இடத்தைத் தக்கவைப்பது அந்தப் போட்டியில் மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

பணம் எத்தனை நாளில் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. 90 நாள் என்று ஊகிக்கிறேன். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? சட்டப்படி குறு, சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 முதல் வருமான வரியிலும் இதற்கு ஒரு விதி வந்துவிட்டது. கெடுவுக்குள் உங்களுக்குக் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வருடம்வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் மட்டும் திடீரென்று பணம் வருவதன் ரகசியம் இதுதான். எட்டு ரூபாய் தரும் பார்ட்டி மேல் தாமதப் பணத்துக்கான அரசுப் போர்ட்டலில் புகார் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் போட மாட்டீர்கள். அதற்குப் பதில் டிரெட்ஸ் (பில்லை வைத்து முன்கூட்டிப் பணம் வாங்கும் இணையத்தளம்) கேளுங்கள். 250 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அவர்கள் உங்கள் பில்லை அங்கே ஒப்புக்கொண்டால் பேங்க் வட்டி கழித்துச் சில நாளில் பணம் கொடுத்துவிடும். பிறகு அவர்கள் கட்டாவிட்டாலும் பேங்க் உங்களிடம் திரும்பி வராது. புது வேலைக்கு மெட்டீரியல் வாங்கும் பணம் இந்த வழியில் வரட்டும், கடனாக வேண்டாம்.

மகன் விஷயம். அவர் சொல்வதைக் கோபமில்லாமல் கேளுங்கள். நாலு மெஷினும் இடமும் சேர்ந்து தரும் வருமானம் இடத்தின் வாடகையைவிடக் குறைவு என்றால் அவர் சொல்வதுதான் நியாயம். அதைப் பார்க்கும்போது உங்கள் சம்பளத்தையும் செலவில் சேர்க்க மறக்காதீர்கள், பாதிப் பேர் அதைச் சேர்ப்பதில்லை. வேலையை விட்டு வா என்று அவரைக் கூப்பிட வேண்டாம். வாரக் கடைசியில் ஒரு காரியம் செய்து தரச் சொல்லுங்கள்: உங்கள் மெஷின்களின் அளவு, பிடிக்கும் டாலரன்ஸ், செய்த மெட்டீரியல், நாலு நல்ல போட்டோ எல்லாம் போட்டு ஒரு பக்கத் தாள். பம்பு, வால்வு, ஹைட்ராலிக் கம்பெனிகளுக்கு அதை மெயில் அனுப்பி, வரும் டிராயிங்குக்குக் கொட்டேஷன் தயாரிப்பதும் அவரே செய்யலாம். இப்போதுள்ள ஏஐ கருவிகளை வைத்து மெயிலும் கொட்டேஷனும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். ரேட்டை மட்டும் நீங்கள் போடுங்கள்.

ஆட்கள். மூடுவதென்றால் ஆட்களுக்குக் கிராஜுவிட்டி கொடுக்க வேண்டும்; பத்துப் பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும். ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் 20 வருடம் இருப்பவருக்கு 2 லட்சத்து 7,000-க்கு மேல். இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? வைக்காவிட்டால் மூடுவதும் நீங்கள் நினைப்பதுபோல் மலிவான காரியமில்லை. தொடர்வதென்றால், அவர்களில் செட்டர் (மெஷினை ஒவ்வொரு வேலைக்கும் தயார் செய்பவர்) யார் என்பதை முதலில் பாருங்கள். தினம் மூன்று செட்டிங் மாறும் வேலைக்கு ஒரு செட்டர் போதாது. பட்டன் அழுத்தும் ஆபரேட்டர்களில் இரண்டு பேருக்கு ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) போடவும் புரோகிராம் திருத்தவும் இப்போதே கற்றுக்கொடுங்கள். அவர்கள் நாளைக்கு வேறு இடம் போனாலும் அந்தக் கையோடு போனால் பிழைத்துக்கொள்வார்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றுங்கள். லாட் சின்னதாகும்போது அங்கேதான் ஆள் குறைவாகத் தெரியும்.

ஆக, விஎம்சி இப்போது வேண்டாம், மூடுவதும் இப்போது வேண்டாம். ஒரு வருடத்தில் அந்த எட்டு ரூபாயை ஆறாகவும், இரண்டு வருடத்தில் ஐந்துக்குக் கீழேயும் கொண்டுவரப் பாருங்கள். நாலில் ஒரு மெஷினை இன்றே பைக் வேலையிலிருந்து விடுவித்து, புது சாம்பிளுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். ஷெட்யூல் குறைந்ததால் அது எப்படியும் பாதி நேரம் சும்மாதான் நிற்கும். அதில் ஒரு வருடத்தில் இரண்டு புதுப் பார்ட்டிகூட ரிப்பீட் ஆர்டர் தராவிட்டால், மகனை உட்கார வைத்து வாடகைக் கணக்கை நிஜமாகவே பேசுவோம்.

மணிக்கணக்கு நோட்டு ஒரு மாதம் ஓடியதும், உங்கள் கைடு எந்த மாடலுக்குப் போகிறது என்ற விவரத்தோடு எனக்கு எழுதுங்கள். விஎம்சி கொட்டேஷனையும் சேர்த்து அனுப்புங்கள். டூல் ஹோல்டர், ஃபிக்சர், ஸ்டெபிலைசர், கம்ப்ரஸர் எல்லாம் அந்த 40 லட்சத்துக்குள் அடங்குமா, அல்லது அதற்கு மேலே தனியாக வருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.